அவள் கேட்டது

சென்ற வருஷம் வள்ளியூரில் ஒரு இலக்கியக் கூட்டம். கல்யாண மண்டபத்தின் மாடி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பாதி காலி. பேசியவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். பெயர் அனாவசியம், அவர் பேசியதை அவருக்கு முன் பத்துப் பேர் பேசியிருக்கிறார்கள், பின்னாலும் பேசுவார்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை எடுத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் பேசியதில் முப்பது நிமிஷம் தருமிக்கும் பொற்கிழிக்கும் போயிற்று. நாகேஷின் குரலில் இரண்டு வசனம் பேசிக் காட்டினார். கைதட்டல். மீதிப் பத்து நிமிஷத்தில் தமிழனின் காதல் நாகரிகம், பெண்ணைப் பாராட்டத் தெரிந்த முதல் இனம் நாம் என்பன போன்ற வழக்கமான சரக்கு.

முடிந்ததும் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு இளம்பெண் எழுந்து கேட்டாள்: "சார், அந்தப் பிள்ளை பக்கத்துலதான நிக்கா? இதக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா?"

கூட்டம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். "அவ என்னம்மா சொல்லப் போறா? பூரிச்சுப் போயிருப்பா" என்றார். மறுபடி கைதட்டல். பிறகு சுக்குக் காப்பி.

அந்த ஒரு பதிலுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. காதலன் சொல்கிற புகழ்ச்சியைக் குறித்துத் தமிழில் விமர்சனம் என்ற பெயரில் நடந்துவந்திருக்கும் காரியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. புகழ்ந்தவனைப் பற்றிப் பேசுகிறோம். புகழ்ச்சியின் அழகைப் பேசுகிறோம். அதில் உண்மை உண்டா என்று கடவுளோடுகூடச் சண்டை போட்டிருக்கிறோம். அது யார் காதில் விழுந்ததோ அவளுக்கு அதை அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று இருந்தது என்பது மட்டும் நம் பிரக்ஞையில் இல்லை. பூரித்துப் போவதோடு அவள் பங்கு முடிந்தது.

பாட்டைப் பார்ப்போம். பாட்டைப் பார்க்கிற வழக்கம் நம்மிடையே அருகிவிட்டதால் அதன் விஷயத்தைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவன் ஒருத்தியை முதன்முதலாகக் கூடியிருக்கிறான். அவள் பக்கத்தில் நிற்கிறாள். அவன் அவளிடம் பேசவில்லை. ஒரு தும்பியிடம் பேசுகிறான். தேன் தேடி அலைவதே பிழைப்பாகக் கொண்ட தும்பியே, எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ, நீ அறிந்தவற்றில், உண்டா? அவ்வளவுதான். ஐந்தே அடி. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் குறுந்தொகையை முதலில் அச்சேற்றியதிலிருந்தும், 1937இல் உ.வே. சாமிநாதையர் விரிவான உரையோடு பதிப்பித்ததிலிருந்தும் இது எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் எல்லோர் மனத்திலும் இருப்பது 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்'.

இது புகழ்ச்சி என்று யார் சொன்னது? பாட்டில் புகழ்ச்சி இல்லை; கேள்விதான் இருக்கிறது. கேள்வியின் முனையில் ஒரு ஓகாரம் நிற்கிறது. தொல்காப்பியம் ஓகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. எதிர்மறை என்றால், அப்படி ஒரு பூ இல்லவே இல்லை என்று அவன் சொல்லிவிட்டான், அது பாராட்டு. வினா என்றால், அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, விசாரிக்கிறான், அது விசாரணை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைத் தூக்கி எறிவதற்குப் பாட்டு இடம் தரவில்லை. 'எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே' என்ற எச்சரிக்கை வினாவைக் கெட்டியாக்குகிறது. சூழ்நிலை எதிர்மறையைக் கெட்டியாக்குகிறது. பண்டிதர்கள் சூழ்நிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிற்கிற பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் அவள் காதில் ஒருசேர விழுகின்றன.

இன்னும் இருக்கிறது. யாரிடம் கேட்கிறான்? வண்டினத்திடம். நம் கவிதை மரபில் பூவுக்குப் பூ தாவுகிற வண்டு எதற்கு உவமை என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? பல பூக்களை முகர்ந்தவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இவளை அவற்றோடு ஒப்பிடச் சொல்கிறான். இந்த ஒப்பீட்டுக்கு இவனுக்கு எப்படி மனசு வந்தது, இவன் கேட்பது தும்பியின் அனுபவத்தையா தன் அனுபவத்தையா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றாது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அடுத்தது, நெடுநாள் பழகி நெருங்கிய நட்பு உடையவள் என்று அவளை அவன் குறிக்கும் இடம். இன்றுதான் சந்தித்திருக்கிறார்கள். நெடுநாள் எங்கிருந்து வந்தது? உரைகாரர்களுக்கும் இந்த இடத்தில் முள் தைத்திருக்கிறது. முற்பிறவிகளிலிருந்தே தொடர்ந்த நட்பு என்று சமாதானம் சொன்னார்கள். நல்ல சமாதானம். ஆனால் புதிதாகப் பழகுகிற ஒருவன், உன்னை எனக்குப் பல காலமாகத் தெரியும் போலிருக்கிறது என்று சொன்னால், அது அன்பின் மிகுதியா, அல்லது வேறெங்கோ சொல்லிப் பழகிய வாக்கியமா? இரண்டாயிரம் வருஷமாக ஆண்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் இரண்டாயிரம் வருஷமாக இந்த ஐயத்தைப் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு உரை இருக்கிறது. மற்றதற்கு இல்லை.

பாட்டின் கீழே துறைக்குறிப்பு எழுதியவர், அவர் யாரானாலும், நம் பேராசிரியர்களைவிட நூறு மடங்கு விழிப்பான வாசகர். அவள் நாணம் நீங்க வேண்டும், தன் அன்பு அவளுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காகத் தலைவன் அவள் நலத்தைப் பாராட்டினான் என்கிறார். அதாவது இந்தப் பேச்சுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. அது தும்பியைப் பார்த்துச் சொல்லப்பட்டாலும் அவளைக் குறிவைத்தது. நோக்கமுள்ள பேச்சு என்றால் அதைக் கேட்பவள் நோக்கத்தையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும். துறைக்குறிப்பு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. யாரும் உள்ளே போகவில்லை.

மாறாக என்ன செய்தோம்? ஒரு கதை கட்டினோம். கதை பழையது, தருமிக்கு இறைவன் பொற்கிழி அருளியதை அப்பர் தேவாரத்திலேயே குறிப்பிடுகிறார். பரஞ்சோதி முனிவர் அதை முழு நாடகமாக விரித்தார். செண்பக பாண்டியனுக்குத் தன் தேவியின் கூந்தல் மணம் இயற்கையா என்று ஐயம். தன் மனத்தில் உள்ளதைப் பாட்டாகச் சொல்பவனுக்குப் பொன். சொக்கநாதர் பாட்டு எழுதித் தருமியிடம் கொடுக்கிறார். நக்கீரர் குற்றம் சொல்கிறார். பத்மினிப் பெண்ணின் கூந்தல், தேவமகளிர் கூந்தல், கடைசியில் காளத்தி ஞானப்பூங்கோதையின் கூந்தல் எல்லாவற்றுக்கும் இயற்கை மணம் இல்லை என்று சாதிக்கிறார். நெற்றிக்கண் திறக்கிறது. பொற்றாமரைக் குளம்.

இந்தக் கதை பாட்டுக்குச் செய்த துரோகத்தை யாரும் சுட்டிக்காட்டி நான் படித்ததில்லை. பாட்டின் நடு நரம்பு எது? எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே என்பது. கதையில் அந்தப் பாட்டுக்குப் பரிசு எதற்கு? அரசனுக்குப் பிடித்ததைச் சொன்னதற்கு. தன் மனத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்பவனுக்குக் காசு கொடுக்கிற சபையில், முகஸ்துதி வேண்டாம் என்று மன்றாடுகிற பாட்டைக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய விகாரம் ஒரு கவிதைக்கு நேர முடியாது. சினிமா வந்து செய்தது ஒன்றுமில்லை. அது கதையைப் பிரதி எடுத்தது.

நக்கீரர் செய்தது என்ன? ஒரு கேள்வியைக் கூற்றாக எடுத்துக்கொண்டு அதில் பொருட்குற்றம் கண்டார். கேள்விக்கு எப்படி ஐயா பொருட்குற்றம் வரும்? கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்பது பாட்டில் பேசப்படவே இல்லை. பூ வைத்த கூந்தலாக இருந்தால் என்ன, எண்ணெய் தேய்த்த கூந்தலாக இருந்தால் என்ன? அவனுக்கு அப்போது மணக்கிறது. மேலும் கவனியுங்கள்: அந்த மாபெரும் வாதத்தில் தேவியின் கூந்தல் பேசப்படுகிறது, தெய்வத்தின் கூந்தல் பேசப்படுகிறது, ஒரு பெண்ணைக்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசன், கடவுள், புலவன் மூன்று பேரும் ஆண்கள். முகர்ந்தவன் ஒருவன், எழுதியவன் ஒருவன், மறுத்தவன் ஒருவன்.

இங்கே என் சொந்த முகாமுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிறுபத்திரிகை விமர்சகனுக்கு நக்கீரன் குலதெய்வம். நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாதவன், சமரசமில்லாதவன் என்று நாமும் நம்மை அவன் வாரிசுகளாகப் பாவித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அஞ்சாமை சரி. ஆனால் வாசிக்கத் தெரியாதவனின் அஞ்சாமையால் யாருக்கு லாபம்? எதிர்ப்பக்கத்தில் ரசனைக்காரர்கள். டி.கே.சி.யின் வட்டத்தொட்டி கூடிய ஜில்லா இது. கவிதையை வாய்விட்டுப் படித்து, உயிரோடு அனுபவிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கடனை மறுக்க மாட்டேன். அவருக்குப் பின் அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு காதைக் கழற்றி வைத்துவிட்டவர்கள்தான் இன்று மேடை மேடையாக 'ஆகா' போடுகிறார்கள். ஒருவன் பொருட்குற்றம் தேடுகிறான், ஒருவன் ஆகா போடுகிறான். தொனியைக் கேட்பவன் யார்?

தமிழ்ப் பண்டிதனுக்கு இருபொருள் புரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே புரியும், அது வித்தையாக இருந்தால். காளமேகத்தின் சிலேடைகளைத் தலைகீழாகச் சொல்வான். அரசியலாக இருந்தாலும் புரியும். தொண்டைமானின் ஆயுதசாலைக்குப் போன ஔவை, இந்த ஆயுதங்கள் பீலி சூட்டி மாலை போட்டு நெய் பூசிக் காவல் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, என் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு (95). அதில் புகழ்ச்சி எது, பரிகாசம் எது என்று விளக்காத உரைகாரர் இல்லை. ஒரு மன்னனைப் பாராட்டினால் அந்தப் பாராட்டுக்குள் கத்தி இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறோம். ஒரு பெண்ணைப் பாராட்டினால் அது வெல்லம். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை.

ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் வில்லியம் எம்ப்ஸன் 1930இல் எழுதிய புத்தகம் ஒன்றை விழுந்து விழுந்து படித்தேன். பல்பொருண்மையை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டியது. எழுதும்போது ஆசிரியருக்கு வயது இருபத்துச் சொச்சம். அது எனக்கு ஒரு திறப்பு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்து திருக்குறளின் நூற்று முப்பத்திரண்டாம் அதிகாரத்தைத் திறந்தபோது வெட்கமாக இருந்தது. வேலையை ஏற்கெனவே ஒருத்தி செய்து முடித்திருந்தாள்.

காமத்துப்பாலில் இருபத்தைந்து அதிகாரம். நூற்றுப் பன்னிரண்டு 'நலம் புனைந்துரைத்தல்'. காதலன் அனிச்சத்திடம் பேசுகிறான், நெஞ்சிடம் பேசுகிறான், நிலவிடம் பேசுகிறான். அவளிடம் பேசக் காணோம். எல்லோரும் பார்க்கிற பூவை இவள் கண்ணுக்கு ஒப்பென்று மயங்குகிறாயே என்று நெஞ்சை அதட்டுகிறான். இவள் முகத்தைப் போல் ஆக வேண்டுமானால் பலர் காணத் தோன்றாதே என்று நிலவுக்குப் புத்தி சொல்கிறான். இதைப் புகழ்ச்சி என்று படிக்கிறோம். பலர் காணக் கூடாது என்பதில் ஒரு பூட்டும் சாவியும் இருப்பது காதில் விழவில்லையா? முதலாவது அதிகாரத்தின் முதல் குறளிலேயே அவளை அணங்கோ என்று ஐயுறுகிறான். அணங்கு தெய்வப் பெண்ணும்தான். வருத்திக் கொல்லும் சக்தியும்தான். பாராட்டும் குற்றச்சாட்டும் ஒரே சொல்.

இருபது அதிகாரம் தள்ளி 'புலவி நுணுக்கம்'. இப்போது அவள் பேசுகிறாள். நேராக அல்ல, அவள் இப்படிச் சொன்னாள் என்று அவன் தோழியிடம் முறையிடுவதாக உரைமரபு. அந்த முறையீட்டின் சல்லடை வழியாகத்தான் அவள் குரல் நமக்குக் கிடைக்கிறது. எல்லோரையும்விட நமக்குள் காதல் அதிகம் என்றேன். யாரைவிட, யாரைவிட என்று ஊடினாள். இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம் என்றேன். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. உன்னை நினைத்தேன் என்றேன். அப்படியானால் நடுவில் ஏன் மறந்தீர் என்று தழுவ வந்தவள் விலகினாள். பேசாமல் அவளையே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோடு ஒத்துப்பார்க்கிறீர் என்றாள்.

இவற்றில் எது அசட்டுத்தனம்? 'யாரினும்' என்ற சொல்லில் ஒரு கூட்டம் ஒளிந்திருக்கிறது. அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். 'இந்தப் பிறவியில்' என்றால் எல்லை போட்டாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. 'நினைத்தேன்' என்ற வினை நடந்து முடிந்தது என்றால் அதற்கு முன் அது நடக்காத காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். இலக்கணம் அவள் பக்கம். அவள் அவனுடைய வாக்கியத்தில் இல்லாத எதையும் கற்பனை செய்யவில்லை; வாக்கியத்துக்குள் இருந்ததை எடுத்து வெளியில் வைத்தாள். அந்த நாலு குறளுக்கு ஈடான அலசல் விமர்சனம், செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய 1959க்குப் பின்னும் தமிழில் அதிகம் நடந்துவிடவில்லை.

பரிமேலழகர் என்ன சொல்கிறார்? தலைவனிடம் ஊடுவதற்குக் காரணம் இல்லாதபோதும், காதல் மிகுதியால் ஒரு நுண்ணிய காரணம் உள்ளதாகத் தானே எண்ணி, அதை அவன்மேல் ஏற்றி அவள் ஊடுகிறாள் என்று அதிகாரத்தை விளக்குகிறார். தமிழில் சொல்லைத் தராசில் வைத்து நிறுத்தவர்களில் அவருக்கு இணை கிடையாது. அவரே இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். காரணம் 'நுண்ணியது' என்று கண்டுபிடித்துவிட்டு, 'இல்லாதது' என்று தீர்ப்பு எழுதினார். நுண்ணியது எப்படி ஐயா இல்லாததாகும்? தாமே வள்ளுவரின் ஒரு உருபுக்கும் ஒரு இடைச்சொல்லுக்கும் பக்கம் பக்கமாகக் காரணம் காட்டுகிறாரே, அதையே ஒரு பெண் தன் காதலன் பேச்சில் செய்தால் அதற்குப் பெயர் காதல் மயக்கமா?

தமிழில் 'கேட்டாள்' என்றால் செவியில் வாங்கினாள் என்றும் பொருள், வினவினாள் என்றும் பொருள். முதல் பொருளை அவளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை நாம் வைத்துக்கொண்டோம்.

கூட்டத்தில் எழுந்த பெண்ணுக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து வங்கியில் பாஸ்புக் பதிய வந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்களும் இருந்திய" என்றாள். அன்று ஏன் அந்தக் கேள்வி கேட்டாள் என்று நான் விசாரித்தேன். மதிய நேரம், வரிசை இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒருவரோடு புதிதாகப் பழக்கம். கைபேசியில் அவர் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: 'நீ ரொம்பச் சாதாரணமா இருக்கே, அதுதான் பிடிச்சிருக்கு.' மூன்று நாள் தூக்கமில்லையாம். கபடமில்லாதவள் என்கிறாரா, விசேஷமாக ஒன்றுமில்லாதவள் என்கிறாரா? இவளால் தொந்தரவு வராது என்று கணக்குப் போடுகிறாரா? தோழிகள், "நல்லதத்தான சொல்லிருக்காவ, வாங்கிக்கிட வேண்டியதுதான" என்றிருக்கிறார்கள். இவள் அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. "யாரைப் பாத்துட்டு வந்து சொல்லுதியன்னு கேட்டுட்டேன் அண்ணாச்சி. ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதான்னு கோவிச்சிட்டாவ."

அவள் குறள் படித்தவள் அல்ல, கணக்கியல் படித்தவள். (இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கினேன். பெயர் போடாமல் எழுதுங்க என்றாள்.) ஆனால் ஒப்புக்கு யார் மறுபக்கம் நிற்பது என்று அந்த அதிகாரத்துப் பெண் கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டிருக்கிறாள், அதே தண்டனையும் கிடைத்திருக்கிறது. பேராசிரியரின் சிரிப்பும் அந்த ஆளின் கோபமும் வேறு வேறா? இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: புகழ்ச்சி தானம், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.

நம் நவீனத்துவ நண்பர்கள் இதற்குள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். கவிதையை வாழ்க்கைக்கு வழிகாட்டியாக்குகிறான், இருண்மை கவிதையின் இயல்பு, பல அர்த்தங்கள் இருப்பதே அதன் செல்வம் என்பார்கள். இருண்மை, பூடகம், பன்முகம் என்றெல்லாம் பேசிப் பேசியே ஒரு தலைமுறை கழிந்தது. எனக்கு அதில் பாதி மோசடி என்று படுகிறது. பல அர்த்தம் இருந்தால் மட்டும் போதாது. அந்த அர்த்தங்கள் யாருக்கு இடம் விடுகின்றன என்று பார்க்க வேண்டும். கேட்பவள் உள்ளே வந்து நடமாட இடம் விடுகிற பேச்சு ஒரு வகை. பேசியவன் நாளைக்கு நழுவுவதற்குப் பின்கதவு வைத்துக்கொள்கிற பேச்சு இன்னொரு வகை. முதலாவதில், பேசியவனும் தோற்கக்கூடும். இரண்டாவதில் அவன் எப்படியும் ஜெயிப்பான்: அவள் மகிழ்ந்தால் அது அவன் கொடுத்தது, அவள் புண்பட்டால் அது அவள் தவறாகப் புரிந்துகொண்டது. நம் புதுக்கவிதையில் காதலியைப் பற்றி வந்த இருண்ட பாராட்டுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ஜாதி. யாப்பை உடைத்தார்கள், நிலவிடம் பேசுகிற பழக்கத்தை உடைக்கவில்லை.

குறுந்தொகைப் பாட்டு எந்த வகை? இங்கேதான் பேராசிரியர் தவறவிட்ட பெருமை இருக்கிறது. அது முதல் வகை என்று நான் நினைக்கிறேன். மேலே நான் அடுக்கிய ஐயங்களோடு சேர்த்தே அப்படி நினைக்கிறேன். தும்பி அவன் நிலத்தது, ஆகையால் அவனுக்கு உகந்ததைச் சொல்லிவிடக் கூடும். அதனால்தான் அப்படிச் சொல்லாதே என்கிறான் என்று உரை சொல்வதுண்டு. தனக்குச் சாதகமான சாட்சியை அவனே கலைக்கிறான். அவள் காதுபட, அவள் முன்னால், 'உண்டு' என்ற பதிலுக்கு வாய்ப்பு வைத்துக் கேட்கிறான். அவன் தோற்கலாம். தும்பி பதில் சொல்லுமுன் பாட்டு முடிந்துவிடுகிறது. அந்த மௌனத்தில் நிற்கிறவள் அவள். பூரித்துப் போயிருக்கலாம்; உன் தும்பிக்கு எத்தனை பூ தெரியும் என்று கேட்டுமிருக்கலாம். கவிஞன் அந்த இடத்தை அவளுக்குக் காலியாக விட்டான். அதில் நக்கீரரையும் நெற்றிக்கண்ணையும் கொண்டுவந்து உட்கார வைத்தவர்கள் நாம்.

படித்தவர்கள் செய்த இந்தக் காரியத்தைப் படிக்காதவர்கள் செய்யவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்களூரில் பாறையைக் குடைந்த முருகன் கோயில்; வள்ளியின் பெயரால்தான் ஊருக்கே பெயர் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. அந்த வள்ளியிடம் வேடனாக வந்த முருகன் பேசுவதைக் கச்சியப்பர் எழுதியிருக்கிறார். பேரைச் சொல், பேர் முடியாதென்றால் ஊரைச் சொல், அதுவும் முடியாதென்றால் உன் ஊருக்கு வழியையாவது சொல். அதிலும் முதல் வார்த்தை அவள் கூந்தலைப் பற்றித்தான். வள்ளி பூரிக்கவில்லை. உலகம் ஏத்தும் பெரியவன் நீ, நான் தினைப்புனம் காக்கும் வேடர் மகள், என்னை விரும்புவது உனக்குப் பழி அல்லவா என்கிறாள். அடக்கம் என்று இதையும் விளக்குவார்கள். எனக்கு அது அடக்கமாகப் படவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து வருகிற புகழ்ச்சிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் சத்தமாகப் படுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் அந்த வள்ளியை மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் 1922இல் மறைந்து நூறாண்டு தாண்டிவிட்டது. இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கிறது. ஜனங்கள் காத்திருப்பது முருகன் வந்து கைப்பிடிக்கும் கட்டத்துக்கு அல்ல, தர்க்கத்துக்கு. நாரதரோடு வள்ளி போடும் தர்க்கம், வேடனோடு போடும் தர்க்கம். எதிராளி ஒரு வார்த்தையை எடுத்தால் அதை வள்ளி அங்கேயே, மேடையிலேயே, பிரித்துக் காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் பாதிதான். மீதி அவள் நாக்கு. வாயடைத்துப்போகிற வள்ளிக்கு அடுத்த ஊரில் அழைப்பு இல்லை. கல்லூரி வகுப்பறையில் இந்தத் தர்க்கத்துக்கு இடமில்லை. பாடத்தில் வள்ளி வெட்கப்படுகிறாள்.

எங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் மட்டும் எழுத்தில் இதைச் செய்தார். புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகையைக் கேட்க வைத்தார். ராமனின் கால்தூசியால் புனிதமடைந்தவள் என்பதுதான் உலகம் அவளுக்குச் சொன்ன மகத்தான பாராட்டு. சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னவனும் அவனே என்று சீதையின் வாயாலேயே கேட்டதும் அந்தப் பாராட்டின் அர்த்தம் அவளுக்குள் திரும்பிவிடுகிறது; மறுபடி கல்லாகிறாள். அதையும் நம்மவர்கள் புராண மறுவாசிப்பு என்று ஒரு சீட்டு ஒட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். தனக்குச் சொல்லப்பட்ட புகழ்ச்சியை ஒருத்தி தாமதமாகப் புரிந்துகொள்வதன் கதை என்று யாரும் வாசிக்கவில்லை.

பாஸ்புக்காரி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். அந்தச் செய்தியின் அர்த்தத்தை என்னால் சொல்ல முடியாது என்றேன். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அவர் கோபித்துக்கொண்டார் என்பது செய்தியைவிடத் தெளிவான வாக்கியம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அதையும் வேற மாதிரி எடுத்துக்கிடலாம்லா அண்ணாச்சி?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. பின்னால் ஒருவர் ஓய்வூதியச் சான்றிதழோடு வந்து நின்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் நேற்று வந்தது. அதே பேராசிரியர். தலைப்பு: 'குறளில் புலவி இன்பம்'. கேள்வி நேரம் இல்லை என்று அடியில் போட்டிருக்கிறார்கள்.